பிரதிநிதியா, வரங்கொடுக்கும் சாமியா?

நமது நாட்டில் ஒரு சட்டசபை அங்கத்தினரைப் பற்றிப் பொதுஜனங்கள் புகழ்ந்து பேசும்போது, "அவர் தொகுதி மேலே ரொம்பப் பற்று உள்ளவருங்க" என்று சொல்லுவதைக் கேட்கின்றோம். அது எப்படித் தெரியும் என்று கேட்டால், "எங்க வீட்டுக் காதுகுத்துக்கு வந்தாருங்க, பங்காளி செத்ததுக்கு மாலை கொண்டுவந்து போட்டாருங்க, மாரியம்மன் பொங்கலுக்குச் சீரியல் விளக்குக்குப் பணம் கொடுத்தாருங்க" என்று பதில் வருகின்றது. சரி, அந்தப் பற்றினால் உங்கள் ஊர்ச் சாக்கடைக்கு என்ன நடந்தது, பள்ளிக்கூடத்துக்கு என்ன வந்தது, வாய்க்காலில் வந்தது தண்ணீரா அல்லது சாயக் கழிவா என்று மேலும் கேட்டால், நாம் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டதுபோல நம்மையே முறைத்துப் பார்க்கின்றார்கள்.

ஆகவே, தொகுதிப் பற்று என்றால் என்ன, அது எதனால் உண்டாகின்றது, அது உண்மையில் யாரிடத்தில் இருக்க வேண்டியது என்பவைகளைப் பற்றிச் சிறிது யோசித்துப் பார்ப்பது அவசியமென்று கருதுகின்றோம்.

நாம் இதை எழுதுவது கொடுமுடியிலிருந்து. கொடுமுடி என்றால் வெளியூரார்க்கு இரண்டு சங்கதிகள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர் என்பது. சினிமா நடிகர்களில் சட்டசபைப் படியேறியவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, 1951-இல் சென்னை மேல்சபையில் அங்கத்தினரானவர் அவர். மற்றொன்று, காவிரிக்கரைக் கோயில். கல்யாணமாகாதவர்களும், பிள்ளை இல்லாதவர்களும், வியாபாரம் நொடித்தவர்களும் ராகு கேது பரிகாரம் என்று தினமும் வந்து இறங்குகின்றார்கள், ஆற்றில் முழுகுகின்றார்கள், பணத்தைக் கட்டிவிட்டுப் போகின்றார்கள். காரியம் ஆகிவிட்டால் சாமி செய்தது என்கின்றார்கள். ஆகாவிட்டால் தங்கள் ஜாதகம் சரியில்லை என்கின்றார்கள். பணம் கொடுத்தோமே, காரியம் ஆகவில்லையே, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்ட ஒருவரையாவது இந்த ஊர்ப் படித்துறையில் நாம் இதுவரை கண்டதில்லை. வரவு மட்டும் எழுதிப் பற்று எழுதாத ஒரு கணக்கு உலகத்தில் உண்டென்றால், அது சாமி கணக்கு ஒன்றுதான்.

இதே கணக்கைத்தான் நாம் சட்டசபைக்கு அனுப்பும் மனிதர்களுக்கும் எழுதிக்கொண்டிருக்கின்றோம் என்பதே நமது குற்றச்சாட்டு. ரோடு போட்டால் "அய்யா போட்டுக் கொடுத்தார்" என்கின்றோம். போடாவிட்டால் "நமக்குக் கொடுப்பினை இல்லை" என்கின்றோம். ரோடு போட்ட பணம் யாருடையது என்பதை மட்டும் நினைக்கின்றோமில்லை.

நிற்க, கொடுமுடி இப்போது சேர்ந்திருக்கும் மொடக்குறிச்சித் தொகுதியின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுவோம். இந்தச் சரித்திரத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கின்றது.

1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்தத் தொகுதியிலிருந்து அ.தி.மு.க. சார்பில் சட்டசபைக்குப் போனவர் தோழியர் சுப்புலட்சுமி ஜெகதீசன். அப்போது அவருக்குச் சுமார் 30 வயது. போன கொஞ்ச காலத்திலேயே கைத்தறித் துறை மந்திரியுமானார். கொங்கு நாட்டிலே ஊர்க்கூட்டம் கூடினால் பெண்களுக்குத் திண்ணையில் இடம் கிடையாது. வாசற்படிக்கு உட்புறம் நின்றுதான் கேட்க வேண்டும், வாய் திறந்தால் "பொம்பளைக்கு இங்கே என்ன பேச்சு?" என்பார்கள். அப்படிப்பட்ட ஊர்களின் ஓட்டை வாங்கிக்கொண்டு 30 வயதுப் பெண் ஒருவர் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்தார் என்றால், அதனால் வானம் இடிந்து விழுந்துவிடவில்லை, மழை நின்றுவிடவில்லை, எந்தக் குலதெய்வமும் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடவில்லை என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் அவர் தி.மு.க.வுக்குப் போனார். 1989-இல் ஈரோட்டிலிருந்து சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1996-இல் மறுபடியும் மொடக்குறிச்சிக்கே வந்து நின்று ஜெயித்தார். 2004-இல் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போய், மத்திய சர்க்காரில் சமூகநீதித் துறை ராஜாங்க மந்திரியாக இருந்தார். 2021-இல், முதல்முதல் நின்ற அதே மொடக்குறிச்சியில் மீண்டும் நின்று, பா.ஜ.க. அபேட்சகரிடம் 281 ஓட்டில் தோற்றார். 2022-இல் கட்சியை விட்டு விலகினார். இளவயதில் ஆரம்பித்த ஒரு பொதுவாழ்வு 40 வருஷத்துக்கு மேல் பல ஊர் சுற்றி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

நாம் இங்கே இந்தக் கட்சி நல்லது, அந்தக் கட்சி கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த அம்மையாருக்குப் பாராட்டுரை எழுதவும் வரவில்லை. அவருடைய பொதுவாழ்வின் நடுவிலே இந்தத் தொகுதி ஜனங்கள் செய்த ஒரு காரியத்தைப் பற்றியே பேச வந்தோம்.

1996-ஆம் வருஷத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதிக்கு நின்ற அபேட்சகர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1,033 பேர். ஆயிரத்து முப்பத்து மூன்று! தங்கள் குறைகளைச் சர்க்கார் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதைக் காட்டுவதற்காக விவசாயிகள் சாரிசாரியாகப் போய் மனுத் தாக்கல் செய்தார்கள். தேர்தல் அதிகாரிகள் திணறிப்போனார்கள். தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. ஓட்டுச் சீட்டு ஒரு சீட்டாக இராமல் புத்தகமாக அச்சாயிற்று. அந்த 1,033 பேரில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அதாவது தமக்குத் தாமே கூட ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லை! ஜெயிப்பதற்காக நின்றவர்கள் அல்ல, கேட்பதற்காக நின்றவர்கள் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

அப்போது நாம் பள்ளிக்கூடத்துப் பையன். பெரியவர்கள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஓட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசியது ஞாபகமிருக்கின்றது. "அதுல எம்பேரத் தேடறதுக்குள்ள பொழுதே உளுந்து போயிருமாட்டம் இருக்குதுங்கோ" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளே எவ்வளவு மனக்கசப்பு இருந்தது என்பது அந்த வயதில் நமக்கு விளங்கவில்லை.

அதே வருஷத்தில் தெலுங்கு நாட்டு நல்கொண்டாவில், குடிதண்ணீரில் புளோரைடு விஷம் கலந்து எலும்பு வளைந்துபோன ஜனங்கள் பார்லிமெண்டுத் தேர்தலில் இதே வழியைக் கையாண்டார்கள். அங்கே 480 பேர் நின்றார்கள்.

இதற்குச் சர்க்கார் என்ன பதில் சொல்லிற்று? ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் கதவைத் தட்டினால், வீட்டுக்காரன் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்ப்பதுதானே நியாயம்? ஆனால் நடந்தது வேறு. அதே 1996-இல் சட்டம் திருத்தப்பட்டு, சட்டசபைக்கு நிற்பவர் கட்டும் டிபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. பார்லிமெண்டுக்கு 500 ரூபாய் 10,000 ரூபாயாயிற்று. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சட்டசபைக்கு 10,000, பார்லிமெண்டுக்கு 25,000 என்று மேலும் ஏறிற்று. விளையாட்டுக்கு நிற்பவர்களைத் தடுக்க வேண்டாமா என்று சட்ட பண்டிதர்கள் கேட்கலாம். தடுக்கட்டும், ஆட்சேபணையில்லை. ஆனால் மொடக்குறிச்சிக் குடியானவன் விளையாடவில்லையே! கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாமல், கூப்பிடும் கட்டணத்தை மட்டும் உயர்த்தினால் அதற்கு என்ன பெயர்?

கொடுமுடிக்காரர்களுக்கு இது நன்றாக விளங்க வேண்டும். பவானியில் ஆரம்பிக்கும் காலிங்கராயன் வாய்க்கால், 13-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது, நமக்குப் பக்கத்தில் ஆவுடையாபாறையில்தான் வந்து முடிகின்றது. நாம் கடைமடைக்காரர்கள். மேலே இருப்பவன் தண்ணீரை நிறுத்தினால் முதலில் காய்வது கடைமடை. மேலே இருப்பவன் சாயத்தையும் தோல் கழிவையும் விட்டால் கடைசியாக வந்து தேங்குவதும் கடைமடை. கடைமடைக்காரன் வாய் திறந்து கேட்டால் ஒழிய அவனுக்கு ஒன்றும் தானாக வந்து சேராது. வாய்க்காலில் மாத்திரமல்ல, ராஜாங்கத்திலும் அப்படியே.

இனி, வெளிநாட்டு உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். ஏனெனில், "உலகத்திலே எங்கேதான் ஜனப்பிரதிநிதி ஒழுங்காக இருக்கின்றான்?" என்று நம்மிடம் கேட்கின்ற தோழர்கள் பலர் உண்டு.

அயர்லாந்து தேசத்தில் விக்லோ என்றொரு ஜில்லா. அந்த ஜில்லாக்காரர் சைமன் ஹாரிஸ். அவருடைய தம்பிக்கு ஆட்டிசம் என்னும் மூளை வளர்ச்சி சம்பந்தமான குறைபாடு இருந்தது. தம்பிக்கு வேண்டிய பள்ளி உதவி கிடைக்காததைக் கண்டு, தாம் பள்ளிச் சிறுவனாயிருக்கும்போதே, அதே கஷ்டமுள்ள குடும்பங்களைச் சேர்த்துச் சங்கம் வைத்தார். 2009-இல் 22 வயதில் ஜில்லா கவுன்சிலர். 2011-இல் 24 வயதில் பார்லிமெண்டு அங்கத்தினர். 2016-இல் 29 வயதில் சுகாதார மந்திரி. 2024 ஏப்ரலில் 37 வயதில் பிரதம மந்திரி. அந்நாட்டில் அவ்வளவு இளவயதில் அப்பதவிக்கு அதற்குமுன் யாரும் வந்ததில்லை. 2025 ஜனவரியில் புது மந்திரிசபை அமைந்தபோது துணைப் பிரதமரானார். நம் ஊரானால் உடனே, "அவருக்கு ராஜயோக ஜாதகம்" என்பார்கள்! தம்பிக்கு வாத்தியார் வேண்டுமென்று கேட்கப்போன பையன் அவர் என்பதை ஜாதகக்காரன் சொல்லமாட்டான்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அவர் பெற்ற பதவிகளையல்ல. அந்நாட்டு ஏற்பாட்டையே ஆகும். அந்நாட்டு அரசியல் சட்டப்படி சுமார் 20,000 முதல் 30,000 ஜனங்களுக்கு ஒரு அங்கத்தினர் இருக்க வேண்டும். ஒரே தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து பேர்வரை அங்கத்தினர்கள். ஓட்டர் தமக்குப் பிடித்தவர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் போடுகின்றார். ஒரே கட்சிக்காரர்கள் இருவர் ஒரே தொகுதியில் நின்றால் அவர்களுக்குள்ளேயே போட்டி. ஒருவர் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காவிட்டால் அவர் எண்ணைப் பக்கத்திலிருப்பவர் கொண்டுபோய்விடுவார். அதனால் அங்கத்தினர்கள் தங்கள் ஊர்களில் நாள் குறித்து உட்கார்ந்து ஜனங்களின் குறை கேட்பதை வழக்கமாக வைத்திருக்கின்றார்கள். வைத்தியர் உட்காருவது போலவே அதற்கும் 'கிளினிக்' என்றே பெயர். யாரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே, அங்கே தொகுதிப் பற்று என்பது அங்கத்தினரின் தங்கமான குணத்தினால் வந்ததல்ல. ஏற்பாடு அவரை விடாமல் பிடித்து உட்கார வைக்கின்றது.

மேலும் ஒன்று. அதே ஹாரிஸ் 2017-இல் சுகாதார மந்திரியாக இருந்தபோது, முதுகெலும்பு வளையும் வியாதியுள்ள குழந்தைகளில் எவரும் ஆபரேஷனுக்காக நான்கு மாதத்துக்கு மேல் காத்திருக்கும்படி இராது என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு நிறைவேறவில்லை. அந்தப் பெற்றோர்கள் "நமக்குக் கொடுப்பினை இல்லை" என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டார்களா? இல்லை. அவர் பிரதமரான பிறகும், துணைப் பிரதமரான பிறகும், 2017-இல் சொன்னது என்னவாயிற்று என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றார்கள். இதுதான் பற்று எழுதும் கணக்கு.

அந்த நாடு நம்மைப்போலவே பாதிரிமார் பிடியில் வெகுகாலம் கிடந்த நாடு. 2012-இல் கர்நாடகத்துப் பெண்ணான சவிதா ஹாலப்பனவர் என்னும் பல் வைத்தியர், கர்ப்பம் கலையும் நிலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து கேட்டும், மதத்தை ஒட்டி எழுதப்பட்ட சட்டத்தின் காரணமாகக் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு மாண்டார். 2018-இல் ஜனங்களே ஓட்டுப் போட்டு, நூற்றுக்கு 66 பேர் ஆதரவுடன் அந்தச் சட்டப் பிரிவை எடுத்தெறிந்தார்கள். அதற்கு முன்னின்று வேலை செய்த சுகாதார மந்திரியும் இதே ஹாரிஸ்தான். இதிலும் அவர் முதலில் வேறு அபிப்பிராயமுடையவராய் இருந்து பின்னர் மாறியவர். ஜனங்கள் கேட்டால் சட்டமும் மாறும், மந்திரியின் மனமும் மாறும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அங்கேயும் குற்றம் இல்லாமலில்லை. பிரதிநிதி தன் ஊர்ச் சில்லறைக் காரியங்களிலேயே மூழ்கி, தேசக் காரியத்தை மறந்துவிடுகிறான் என்று அந்நாட்டு அறிவாளிகளே குறை சொல்லுகின்றார்கள். வாஸ்தவம்தான். ஆளைப் பார்த்துச் செய்யும் உபகாரத்தைப் பொதுக்காரியம் என்று நினைப்பது எங்கும் உள்ள வியாதி. ஆனால் அந்த வியாதி நமக்கு எவ்வளவு முற்றியிருக்கின்றது என்பதற்கு நம்மையே உதாரணமாகச் சொல்லிக்கொள்ள நாம் வெட்கப்படவில்லை.

சில வருஷங்களுக்கு முன் நாம் குடியிருந்த ஊரில், ஆதிதிராவிடத் தோழர்கள் குடியிருக்கும் தெருவுக்குச் சாக்கடை இல்லை. மேல்தெருத் தண்ணீரெல்லாம் அங்கே இறங்கித் தேங்கும். ஐப்பசி மழையில் அது வீட்டுக்குள்ளே புகுந்துவிடும். அடுப்பு நனையும், குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். நாம்தான் மனு எழுதினோம். நாம்தான் நாற்பது வீட்டில் கையெழுத்து வாங்கினோம். அப்போது நமது மைத்துனனுக்கு ஓரிடத்தில் தற்காலிக உத்தியோகத்துக்கு ஒரு சிபார்சுக் கடிதம் தேவைப்பட்டது. ஊரில் செல்வாக்குள்ள ஒரு பிரமுகர், நாம் கேட்ட அன்றைக்கே கடிதம் கொடுத்தார். உட்காரச் சொல்லிக் காப்பியும் கொடுத்தார். அவர் பெயரும் கட்சியும் இங்கே அவசியமில்லை. குற்றம் அவருடையது மாத்திரமல்ல.

அடுத்த மாதம் அதே பிரமுகர் ஊருக்கு வந்து கூட்டம் போட்டார். மனு நமது சட்டைப் பையில் இருந்தது. நமக்கு நாக்கு எழவில்லை. உத்தியோகம் வாங்கிக் கொடுத்த மனிதரை நாலு பேர் நடுவில் எப்படிக் கேட்பது என்று நினைத்தோம். கூட்டம் கலைந்து போகும்போது அந்தத் தெரு ஆத்தா ஒருவர் நம்மிடம் வந்து, "நீ பேசுவேன்னு நெனச்சுக்கிட்டு முன்னாடி வந்து உக்காந்திருந்தேன் கண்ணு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் அந்த வீடுகளில் தண்ணீர் புகுந்தது. ஒரு கடிதத்துக்கு நாம் விற்றது நமது ஓட்டை மட்டுமல்ல, நாற்பது வீட்டுக்காரர்களின் வாயையும் சேர்த்து விற்றோம். பகுத்தறிவு பேசுகின்ற நமக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை ஏது?

ஆகவே தோழர்களே, உபகாரம் என்பது வேறு, உரிமை என்பது வேறு. உபகாரம் வாங்கினவன் தலை குனிவான். உரிமை கேட்பவன் தலை நிமிர்வான். நம்மை உபகாரத்தில் கட்டிப் போட்டுவிட்டால் உரிமையைக் கேட்கமாட்டோம் என்பது அரசியல்காரர்களுக்கு நன்றாய்த் தெரியும். காதுகுத்துக்கு வருவதும், மாலை போடுவதும், கும்பாபிஷேகத்துக்குப் பணம் கொடுப்பதும் இதற்காகத்தான். ஒரு சாக்கடை கட்டுவதைவிட நூறு மாலை வாங்குவது சலீசு அல்லவா?

இங்கே ஒரு ஆட்சேபணை கிளம்பும். "அயர்லாந்தில் முப்பதாயிரம் பேருக்கு ஒருவர். நம் நாட்டில் 2011-ஆம் வருஷ ஜனக்கணக்குப்படி 7 கோடியே 21 லட்சம் பேருக்கு 234 அங்கத்தினர்கள், அதாவது மூன்று லட்சம் பேருக்கு ஒருவர். அவர் எத்தனை பேரைப் பார்ப்பார்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் தெருச் சாக்கடைக்குச் சட்டசபைக்காரரிடம் ஓடுவதே தப்பு என்கின்றோம். அதற்குப் பஞ்சாயத்து இருக்கின்றது. கிராமங்களில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராமசபை கூட வேண்டுமென்று தமிழ்நாட்டுச் சர்க்கார் 2022-இல் ஏற்பாடு செய்திருக்கின்றது. அங்கே வரவு செலவைக் கேட்க ஒவ்வொரு ஓட்டருக்கும் பாத்தியதை உண்டு. மாரியம்மன் பொங்கலுக்கு ஊர் முழுதும் கூடுகின்றது. கிராமசபைக்கு எத்தனை பேர் கூடுகின்றீர்கள்? பெண்கள் எத்தனை பேர் பேசுகின்றீர்கள்? சேரியிலிருந்து வந்தவருக்கு உட்கார நாற்காலி போடுகின்றீர்களா? சட்டசபைக்காரரிடம் கேட்க வேண்டியது வாய்க்கால் கழிவையும், ஆஸ்பத்திரியையும், பள்ளிக்கூடத்தையும் பற்றி அவர் சட்டசபையில் எத்தனை தடவை வாய் திறந்தார் என்பதையே.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சாயத்துக்கு நிற்க 21 வயதும், சட்டசபைக்கு நிற்க 25 வயதும் போதும் என்று சட்டம் சொல்லுகின்றது. இந்தத் தொகுதியிலேயே 30 வயதில் மந்திரியானவர் இருந்திருக்கின்றார். நீங்களோ தலைவருக்குக் கட்அவுட் வைத்துப் பாலாபிஷேகம் செய்துகொண்டிருக்கின்றீர்கள். கல்லுக்குப் பால் ஊற்றுவது மூடத்தனமென்றால், அட்டைக்குப் பால் ஊற்றுவது எதிலே சேர்த்தி?

281 ஓட்டு என்பதை மறவாதீர்கள். 40 வருஷத்துக்கு மேல் அரசியலில் இருந்த ஒருவரை இத்தொகுதியிலே மேலே தூக்கவும் கீழே இறக்கவும் அவ்வளவு ஓட்டுப் போதும். இரண்டு தெருக்காரர்கள் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை வந்துவிடும். எந்த இரண்டு தெருவும் தன்னை அற்பமென்று நினைத்துக்கொள்ள நியாயமில்லை.

ஆதலால் அடுத்த தடவை ஒருவர் கைகூப்பி ஓட்டுக் கேட்க வரும்போது, எழுந்து நின்று வரவேற்று, அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, நீங்களும் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். சாமி என்று கூப்பிடாதீர்கள், பெயரைச் சொல்லி 'வாங்க' என்று மரியாதையாய்க் கூப்பிடுங்கள். கடந்த ஐந்து வருஷத்து வரவையும் பற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி எதிரில் வையுங்கள். சட்டைப் பையில் சிபார்சுக் கடிதம் இருந்தால் அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பேசுங்கள். நமது சட்டைப் பையிலும் பழைய மனு ஒன்று இன்னும் இருக்கின்றது. இந்தத் தடவை நாம் அதைப் படிக்கப்போகின்றோம்.